ப்ரீமூவ் ஆடுவதும் செஸ்தானா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆன்லைனில் ஒரு நிமிட ஆட்டங்கள் ஆடுகிறேன். சமீபத்தில் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தும் நேரம் தீர்ந்து தோற்றேன். எதிராளி கடைசியில் எல்லாவற்றையும் ப்ரீமூவில், அதாவது என் முறை முடியும் முன்பே தன் பதிலைப் போட்டு வைக்கும் வசதியில், ஆடினார். நான் காயை விட்ட கணமே அவர் பதில் வந்து விழுந்தது. நாமும் செய்து பார்ப்போம் என்று அடுத்த ஆட்டத்தில் முயன்றேன். என் ராஜா எஃப்6இல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), ராணி பி1இல். கறுப்புக்கு ஜி8இல் தனி ராஜா மட்டும். ராணியை ஜி6க்கு ப்ரீமூவ் போட்டு வைத்தேன். ஸ்டேல்மேட் ஆகிவிட்டது: செக் இல்லாமலே எதிராளிக்கு நகர இடமின்றி ஆட்டம் டிரா. பலகையில் மட்டுமே ஆடும் என் நண்பர், "எதிராளி ஆடியதைப் பார்க்காமல் ஆடுவது செஸ்ஸே இல்லை" என்கிறார். ப்ரீமூவ் பழகலாமா, விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

தாராளமாகப் பழகலாம். உங்கள் நண்பருக்கு அது அந்நியமாகத் தோன்றுவது இயல்பு. சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி எதிராளி நகர்த்தி முடித்த பிறகுதான் நம் முறையே வருகிறது, பலகையில் இதற்கு இடமில்லை. ஆனால் 'பார்க்காமல் ஆடுவது' என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ப்ரீமூவ் போடுகிறவர் "நீ என்ன ஆடினாலும் என் பதில் இதுதான்" என்று சொல்கிறார். அப்படிச் சொல்ல, எதிராளிக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். செஸ்ஸில் நாம் எப்போதும் செய்யும் வேலைதான் அது. நேரம் மட்டும் முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது.

உங்கள் ஸ்டேல்மேட்டையே எடுத்துக்கொள்வோம். ஜி8இல் நிற்கும் ராஜாவுக்கு எஃப்7, ஜி7 இரண்டையும் உங்கள் ராஜா அடைத்திருக்கிறது. எச்7ஐ பி1இலிருந்து ராணி குறுக்காகப் பார்க்கிறது. ஆக அதற்கு மிச்சம் இரண்டே கட்டங்கள்: எஃப்8, எச்8. ராணி ஜி6க்கு வந்தால், ராஜா எந்தப் பக்கம் போயிருந்தாலும் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. அதாவது நீங்கள் போட்டது இரண்டு பதிலுக்குமே தவறான நகர்த்தல். அதே இடத்தில் ராணியை பி8க்குப் போட்டிருந்தால்? எஃப்8க்குப் போயிருந்தால் அங்கேயே செக்மேட். எச்8க்குப் போயிருந்தால் வெறும் செக்; ராஜா எச்7க்கு வரும், ராணிக்கு ஆபத்தில்லை, ஆட்டம் உங்கள் கையிலேயே இருக்கும். எண்ணிப் பார்க்க வேண்டியவை இரண்டே கட்டங்கள். தனி ராஜாவைத் துரத்தும்போது செக்காக அமையும் ப்ரீமூவையே தேடுங்கள். செக் இருக்கும்வரை ஸ்டேல்மேட் வராது. ராணியோ யானையோ அந்த ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் நம் இன்னொரு காயின் ஆதரவின்றிப் போய் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. விதிப்படி செல்லாத ப்ரீமூவ் தானாகவே ரத்தாகிவிடும். இது பெரிய பாதுகாப்பு. சிப்பாயால் குறுக்கே வெட்டுவதாகப் போட்டு வைத்தால், அந்தக் கட்டத்துக்கு எதிரிக் காய் வந்தால்தான் அது நடக்கும். நம் காய் நிற்கும் கட்டத்திலேயே இன்னொரு காயால் ப்ரீமூவ் போடலாம். எதிராளி வெட்டினால் உடனே திருப்பி வெட்டும், வெட்டாவிட்டால் ஒன்றும் நடக்காது. ராஜாவால் வெட்டுவதும் அப்படித்தான். வெட்டப்போகும் காய்க்கு ஆதரவு இருந்தால் நகர்த்தல் செல்லாது. இந்த மூன்றையும் முதலில் கைப்பழக்கமாக்குங்கள். வெட்டு இல்லாத சாதாரண நகர்த்தல்களில், குறிப்பாக ராணியை நகர்த்துவதில்தான் காய் பறிபோகிறது.

தொடக்கத்திலேயே ப்ரீமூவ் போடுகிறவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை டி4 ஆடுகிறது, கறுப்பு ஜி6. வழக்கம்போல அடுத்து பிஷப்பை ஜி7க்குக் கொண்டுவரலாம் என்று கறுப்பு ப்ரீமூவ் போட்டுவிடுகிறது. வெள்ளை தன் பிஷப்பை எச்6இல் கொண்டுபோய் வைக்கிறது. கண்ணால் பார்ப்பவர் அதைச் சும்மாவே வெட்டி எடுத்துவிடுவார். ப்ரீமூவ் போட்டவரின் பிஷப்போ ஜி7க்குப் போய் வெட்டுப்படும், மூலையில் யானையும் மாட்டும். மூன்றாவது நகர்த்தலிலேயே ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. தொடக்கத்தில் ப்ரீமூவ் மிச்சப்படுத்தும் நேரம் ஒரு பிஷப்புக்கு ஈடாகாது. கடிகாரத்தில் ஐந்து நொடி இருக்கும்போது கணக்கு வேறு.

இப்போது யானை கூடுதலாக இருந்தும் தோற்ற ஆட்டம். எதிராளி ப்ரீமூவில் ஓடிக்கொண்டிருப்பது அவருடைய கடிகாரத்தைப் பார்த்தாலே தெரியும், நேரம் ஏறக்குறைய குறைவதே இல்லை. லிசெஸ் தளத்தில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ப்ரீமூவ்தான் போடலாம், அதற்கு நேரமே கழியாது. செஸ்.காம் தளத்தில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி கழியும். எப்படியானாலும் அதை உடைக்க வழி செக் வைப்பதுதான். செக் வந்தவுடன், அந்தச் செக்குக்குப் பதிலாக அமையாத ப்ரீமூவ் செல்லாது. அவர் பலகையைப் பார்த்துக் கையால் ஆடியாக வேண்டும், கடிகாரமும் ஓடத் தொடங்கும். கூடுதல் யானை வைத்திருந்த உங்களுக்குச் செக் கிடைத்திருக்கும். யானையைத் தூரத்தில் நிறுத்தி அடுத்தடுத்துச் செக் வையுங்கள். நேரத்தை வைத்து அவர் ஜெயித்ததில் நியாயக்கேடு ஏதும் இல்லை. இருவருக்கும் அதே கடிகாரம், அதே வசதி.

ஒரு விஷயத்தில் உங்கள் நண்பரின் கவலையில் பங்குகொள்கிறேன். ஒரு நிமிட ஆட்டத்தின் கைவேகம் நிதானமான ஆட்டங்களுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. எதிராளி யோசிக்கும் நேரம் நாமும் யோசிக்க வேண்டிய நேரம். அதில் பதிலைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவருக்கு ஆட்டம் வளராது. இதை நான் மிகவும் அழுத்தியே சொல்வேன். ஒரு நிமிட ஆட்டத்தைச் சில காலம் தள்ளி வையுங்கள். மூன்று நிமிடமும் நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில் பழகுங்கள். அங்கே ஒவ்வொரு நல்ல ப்ரீமூவும் கடிகாரத்தில் நேரத்தைக் கூட்டவே செய்யும், அவசரமும் குறைவு. பத்து, பதினைந்து நிமிட ஆட்டங்களுக்கு உட்காரும்போது அமைப்புகளில் போய் ப்ரீமூவை அணைத்துவிடுங்கள். இரண்டு தளங்களிலும் அதற்கு வசதி இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்