ஹெவி மெட்டல் வாசிக்க செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

20,000 ரூபாய் வைத்திருக்கிறேன், புதுசா பழசா, மெட்டலுக்கு ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்ஜ் என்பது கிட்டார் உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பாகம், ஃப்ளாய்ட் ரோஸ் அதில் கைப்பிடியால் ஆட்டி ஸ்ருதியை வளைக்கக்கூடிய ஆடும் வகை. பழசே வாங்குங்கள். முதல் கிட்டாருக்கு ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டவே வேண்டாம், அசையாத பிரிட்ஜ் உள்ளதாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நெக்கை, அதாவது விரல் வைத்து அழுத்தும் நீண்ட கழுத்தைப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பு, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிராண்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் சம்பளம் வாங்கிய கையோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வாங்கினேன். 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் பேண்ட் வந்து வாசித்தார்கள். திருச்சியிலிருந்து அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே போய்ப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தது, கையில் கிட்டார் வர ஆறு வருடம் ஆனது. 2013-ல் வேளச்சேரியில் ஒருவர் வீட்டில் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு உடம்பு, கூரான ஹெட்ஸ்டாக், 24 ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரியில் செய்த ஆடும் பிரிட்ஜ். விற்றவர் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) சத்தத்தைக் கரகரப்பாக்கும் கெயின் திருகை முழுசாகத் திருப்பி வைத்து அரை மணி நேரம் வாசித்துக் காட்டினார். உலகமே அதிர்ந்தது. நான் பேரம்கூடப் பேசவில்லை.

அங்கேதான் ஏமாந்தேன். டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, எல்லாக் குறையையும் மூடிவிடும். ஃப்ரெட் தேய்ந்து கம்பி அதிர்வதும், ஒரு சுரம் பாதியில் செத்துப்போவதும் அந்த இரைச்சலில் கேட்காது. பார்க்கப் போகும்போது முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, சுரம் அணைகிற வரை காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும், விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அதற்கு அப்புறம் ஆம்ப்பில் கிளீன் சத்தம், கடைசியாகத்தான் கெயின்.

வீட்டுக்கு வந்ததும் பழைய 9 கேஜ் கம்பியைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தடித்த 11-54 செட் போட்டேன் (செட்டில் மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அவ்வளவுதான், பிரிட்ஜ் முன்பக்கம் எழும்பி நின்றுவிட்டது. ஆடும் பிரிட்ஜ் ஒரு தராசு மாதிரி. ஒரு பக்கம் ஆறு கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் முதுகுப் பள்ளத்தில் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுப்பு. சாதாரண 10-46 செட்டின் மொத்த இழுப்பே சுமார் 45 கிலோ. கனமான கம்பி போட்டால் தராசு சாயும். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், அந்த ஐந்தை ஏற்றினால் முதலாவது இறங்கும். அன்றிரவு மூன்று மணி நேரம் ட்யூன் செய்துகொண்டே இருந்தேன். விடியற்காலையில் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளம் வெட்டிய துண்டு) கம்பியைப் பூட்டும் போல்ட்டை ஆத்திரத்தில் அதிகமாக இறுக்கியதில் அதன் தலை வழுக்கிவிட்டது. அதைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஃப்ளாய்ட் ரோஸ் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது அருமையான கண்டுபிடிப்பு. நல்ல எஃகில் செய்த அசல் பிரிட்ஜ், ஒரே ட்யூனிங், பழகிய கை, இந்த மூன்றும் இருந்தால் எவ்வளவு ஆட்டினாலும் ஸ்ருதி கலையாது. நான் சொல்வது விலை குறைந்த நகல்களைப் பற்றி, அதுவும் பழசாக வருபவற்றைப் பற்றி. அவற்றில் பிரிட்ஜ் தாங்கி நிற்கும் கத்தி முனை மழுங்கியிருக்கும். ஆட்டிவிட்டு விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பாது. வாங்கும் இடத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தவிர, மெட்டல் வாசிக்கும் நாம் ஒரு பாட்டுக்கு டிராப் டி (தடித்த கம்பியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்குவது), அடுத்த பாட்டுக்கு டி ஸ்டாண்டர்ட் (ஆறையும் இறக்குவது) என்று மாற்றிக்கொண்டே இருப்போம். அதற்கு அசையாத பிரிட்ஜ்தான் சௌகரியம். கடைசியில் நான் தெருமுனை தச்சரிடம் இரண்டு துண்டு தேக்கு வாங்கி, பிரிட்ஜ் கட்டைக்கு இரண்டு பக்கமும் செருகி அதை அசையாமல் நிறுத்திவிட்டேன். இன்றுவரை அந்தத் தேக்குதான் தாங்குகிறது.

ஆனாலும் கம்பி உயரமாகவே இருந்தது, ஏழாம் ஃப்ரெட் பக்கம் அழுத்தினால் விரல் வலித்தது. நெக், கம்பி உயரம் எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு கடையில் செட்டப்புக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, என் 11 செட்டை எடுத்துவிட்டு 9 செட் போட்டு, 'இதுதான் சரி' என்று திருப்பிக் கொடுத்தார்கள். நெக்கைத் தொடவே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போனேன். சித்தப்பா உறையூரில் டூவீலர் மெக்கானிக். அவருக்கு கிட்டார் தெரியாது. நான் விளக்கினேன்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கம்பி நேர்கோடாக நிற்கும், ஏழெட்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும், கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும். "டேப்பட் கிளியரன்ஸ் மாதிரின்னு சொல்லேன்டா" என்றார், எஞ்சின் வால்வில் விடும் இடைவெளியைச் சொல்கிறார். கைத்துணியில் துடைத்துவிட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜை எடுத்தார். 0.60 மில்லிமீட்டர் தகடு உள்ளே தடங்கல் இல்லாமல் போனது. நெக் வில்லாக வளைந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதை வலப்பக்கம் திருப்பினால் இறுகி, கம்பிகளின் இழுப்பை எதிர்த்து நெக்கை நேராக்கும். சித்தப்பா கால் சுற்று திருப்புவார், மறுபடி ட்யூன் செய்யச் சொல்வார், டீ குடிப்பார், அளப்பார், மறுபடி கால் சுற்று. மூன்றாவது தடவையில் 0.25 தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. 'இறுகினால் வம்பு பண்ணாதே, நிறுத்திடு' என்று அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ட்ரஸ் ராட்டைத் திருப்பும் திருகு நட் மழுங்கிப்போனாலோ ராட் உடைந்தாலோ அந்த நெக்கைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு வேறு கிட்டாரே வாங்கலாம். அதனால்தான் வாங்குவதற்கு முன் ஆலன் கீயைப் போட்டு, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் கொஞ்சமாவது அசைகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்கிறேன்.

நெக் சரியானதும் மீதி வேலை சுலபம். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் மெல்லிய கம்பிக்கு 1.5 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர். ஓங்கி அடிக்கிற கையானால் இன்னும் துளி ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்க சுரம் சரியாக வருவது: அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ட்யூனரில் கூடுதலாகக் காட்டினால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், குறைவாகக் காட்டினால் முன்னால் கொண்டுவாருங்கள். அசையாத பிரிட்ஜில் இதற்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

கம்பி விஷயத்தில் ஒன்று. மெட்டல் என்றால் கயிறு மாதிரி தடித்த கம்பிதான் என்று மிரட்டுவார்கள், நம்ப வேண்டாம். இந்த இசையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான பிளாக் சாபத் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பி போட்டார், 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கம்பியைத் தளர்த்த ஸ்ருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த சத்தம் அப்படி வந்தது. கணக்கு இவ்வளவுதான்: டி ஸ்டாண்டர்டுக்கு இறக்கினால் கம்பியின் இழுப்பு சுமார் 20 சதவீதம் குறையும். 10-க்குப் பதில் 11 செட் போட்டால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்ப வந்துவிடும். அதற்கு மேல் உங்கள் கையும் நட்டின் பள்ளமும் முடிவு செய்யட்டும்.

இதை எழுதும்போது ஒரு பழைய வருத்தம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். கல்லூரி கல்ச்சுரல்ஸில் மெட்டல் பேண்டுகளை எப்போதும் கடைசியில்தான் போடுவார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசுவார், பொன்னாடை, நினைவுப் பரிசு, அதற்கு அப்புறம் நாங்கள் மேடையேறி இரண்டாவது பாட்டில் இருக்கும்போது பத்து மணியாகிவிட்டது என்று மிக்சரை அணைப்பார்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை நான் மதிக்கிறேன், அது நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டியது. ஆனால் நாலு மாதம் ஒத்திகை பார்த்த பையன்களின் நேரத்தைத்தானே எடுத்துப் பேசினார்கள்? இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை.

சரி, பிக்கப். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போதும், முதல் ஒரு வருடம் மாற்ற வேண்டாம். ஆக்டிவ் பிக்கப் என்றால் பின்னால் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கேபிளைச் செருகியே வைத்தால் தீர்ந்துவிடும். கெயின் ஏற்றினால் 'ம்ம்' என்று இரைச்சல் வரும். கம்பியைத் தொட்டதும் அது குறைந்தால் வயரிங் சரி, கூடினால் ஏதோ தப்பு. இரைச்சல் போக வேண்டும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. ஆம்ப்பில் கசிவு இருந்தால் 230 வோல்ட் உங்கள் விரலில் இருக்கும்.

மெட்ராஸ் மாதிரி கடலோர ஊராக இருந்தால் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் துரு பிடிக்கும். அப்புறம், 20,000-யும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். இரண்டாயிரம் ஒதுக்கி ஒரு புது கம்பி செட், ட்யூனர், ஆலன் கீ செட், ஒரு ஃபீலர் கேஜ் வாங்குங்கள். ஃபீலர் கேஜ் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.