கணவர் ஏன் வாசலிலேயே நிற்கிறார்?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெடுநாள் பணியாற்றிய பெண் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: டாக்டரம்மா, மனைவியைக் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அழைத்து வந்தால் என்னை உள்ளே விடுவதில்லை. வேப்பமரத்தடியிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

பதில்: குறை எங்கள் பக்கம்தான், தம்பி. ஒரே அறையில் நான்கு பெண்களைப் பரிசோதிக்கும்போது ஆணை எங்கே உட்காரவைப்பது? ஒரு திரைச்சீலை இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். அதுவரை, பரிசோதனை முடிந்ததும் செவிலியரைப் பார்த்து ரத்த அளவு என்ன, எந்த அறிகுறி வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் இருந்த கர்ப்பிணிக்கு ஊசி போட்டோம். கணவரை எப்படி வரவழைப்பது?

பதில்: அவருக்கும் சிகிச்சை தராவிட்டால் மறுபடி தொற்றும், கருவுக்கும் ஆபத்து. ஆனால் முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். கணவருக்குத் தெரிந்தால் வீட்டில் அடி விழுமா? ஆண்களைச் சேர்க்கும் உற்சாகத்தில் நாங்களே இதைக் கேட்க மறந்திருக்கிறோம்.

கேள்வி: வாசக்டமி, அதாவது ஆண் கருத்தடை ஆபரேஷன், செய்தால் ஆண்மை போய்விடும் என்கிறார் மாமனார்.

பதில்: போகாது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறோம். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலந்து செல்வது; அதற்கு இந்தக் குழாய் தேவையில்லை. சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974-இல் உருவாக்கிய முறையில் சிறு துளை போதும், தையல் கிடையாது, அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரம் மூட்டை தூக்காதீர்கள். மூன்று மாதம் ஆணுறை அவசியம். விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியான பிறகே அதை நிறுத்தலாம். இந்தப் பரிசோதனைக்குத்தான் பலர் வருவதே இல்லை.

மாமனாரைக் கேலி செய்யாதீர்கள். 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஆண்களை வற்புறுத்தி ஆபரேஷன் செய்த கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பயத்தின் சுமையைப் பெண்கள் சுமக்கிறார்கள்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சுமார் 38 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3.

கேள்வி: நான் கருத்தடை செய்துகொள்ளக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் சம்மதம் போதும்.

கேள்வி: குழந்தை இல்லை. மூன்று வருடமாக மனைவிக்குச் சோதனை மேல் சோதனை. நானும் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: மூன்று வருடமா! முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டியது உங்கள் விந்துப் பரிசோதனை, ஊசியில்லை, வலியில்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு வாருங்கள். அன்று ஒரு நாளாவது உங்கள் மனைவி வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.