சான்பிரான்சிஸ்கோ பக்கத்து மலைப்பாதைகளுக்கு கிராவல் பைக் போதுமா, மவுண்டன் பைக்தான் வேண்டுமா?

போதும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆசைப்பட்டு ஒரு கிராவல் பைக் வாங்கியிருக்கிறீர்கள். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த பிடியும், மண் பாதைக்கு ஏற்ற கொஞ்சம் அகலமான டயரும் உள்ள வண்டி அது. சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, பெரும்பாலும் இருக்காது. ஊருக்கு வடக்கே மவுண்ட் டமால்பைஸ் என்ற மலை இருக்கிறது, சுருக்கமாக மவுண்ட் டாம் என்பார்கள். இப்போது அலுவலகத்தில் யாரோ, "மவுண்ட் டாம் பக்கம் போக இது உதவாது, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த வண்டி வேண்டும்" என்று சொல்லிக் குழப்பிவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டு வாசலிலிருந்து மிதித்துக்கொண்டே அந்த மலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றதற்குக் காரணம் உண்டு. நான் கிராவல் பைக் வாங்கப் போனபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பணம் கொடுப்பது நான், ஓட்டப்போவது நான். ஆனால் கடையில் இருந்தவர் கேள்விகளையெல்லாம் என் கணவரிடம் கேட்டார். மலைப்பாதையில் ஓட்ட வேண்டும் என்று நான் சொன்னதும், அதற்கு மவுண்டன் பைக்தான் சரிவரும், அதிலும் மோட்டார் வைத்தது இருந்தால் இவர்களுக்கு நல்லது என்று மறுபடியும் என் கணவரிடமே சொன்னார். திருச்சியில் பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் தினமும் சைக்கிள் மிதித்துப் போனவள் நான். வேறு கடைக்குப் போய் நான் நினைத்த வண்டியையே வாங்கினேன்.

அதை எடுத்துக்கொண்டு முதலில் போனது மவுண்ட் டாமில் இருக்கும் ஓல்ட் ரெயில்ரோடு கிரேடு என்ற பாதைக்கு. பெயரிலேயே இருக்கிறது, அது பழைய ரயில் பாதை. 1896 முதல் 1930 வரை மலையடிவாரத்தில் இருக்கும் மில் வேலி என்ற ஊரிலிருந்து மலையுச்சி வரை நீராவி ரயில் ஓடியது. மொத்தம் 281 வளைவுகள். நீராவி எஞ்சின் இழுக்க வேண்டும் என்பதால் ஏற்றம் எந்த இடத்திலும் 7 சதவீதத்தைத் தாண்டாமல் மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்ட பிறகு மிஞ்சியது ஒரு நல்ல மண் சாலை. சரளையும் கல்லும் உண்டு, மழைத் தண்ணீர் அரித்த பள்ளம் உண்டு. ஆனாலும் 784 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையின் உச்சிக்குப் பக்கம் வரை உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே போய்விடலாம். கிராவல் பைக்குக்காகவே போட்ட பாதை மாதிரி இருக்கும்.

அன்று என்னோடு வந்த இரண்டு நண்பர்கள் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி வைத்திருந்தார்கள். மில் வேலி வரை காரில் வந்தார்கள். நான் வீட்டிலிருந்து கோல்டன் கேட் பாலம் தாண்டி, சாசலிட்டோ வழியாக 25 கிலோமீட்டர் போல ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "அக்கா, நீங்க மெதுவா வாங்க, மேலே பார்க்கலாம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. 1904இல் ரயில் கம்பெனி கட்டிய வெஸ்ட் பாயிண்ட் இன் என்ற விடுதி வழியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் பிடிக்க நின்றபோது மூன்று பேரும் ஒன்றாகத்தான் நின்றோம். இது மாதிரி சீரான ஏற்றத்தில் சஸ்பென்ஷன் பெரிதாக உதவுவதில்லை, எடைதான் கூடுகிறது.

இறக்கத்தில் கதை வேறு, அதை மறைக்க மாட்டேன். உச்சிக்குப் பக்கத்திலிருந்து எல்ட்ரிட்ஜ் கிரேடு என்ற பாதையில் இறங்கி, இந்தியன் ஃபயர் ரோடு வழியாக மில் வேலிக்குத் திரும்பினோம். ஃபயர் ரோடு என்றால் தீயணைப்பு வண்டி போக வெட்டிய மண் சாலை. எல்ட்ரிட்ஜின் மேல்பகுதி முழுக்கக் கூரான கல். இந்தியன் ஃபயர் ரோடு செங்குத்து, மேலே உதிரியாகப் பொடிக்கல் கிடக்கும். நண்பர்கள் சர்ரென்று போய்விட்டார்கள். நான் கையை வளைந்த பிடியின் அடிப்பக்கத்தில் வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, நேராக இருக்கும் இடத்தில் பிரேக் பிடித்து, திருப்பத்தில் விட்டு, நிதானமாக இறங்கினேன். ஒரு இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடப்பதில் என்ன தப்பு? கீழே அவர்கள் எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவர்கள் சைக்கிளைக் காரில் ஏற்றினார்கள், நான் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்தேன். அந்தக் கனமான டயரோடு தார் ரோட்டில் 25 கிலோமீட்டர் ஓட்ட அவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். இந்த ஊரில் கிராவல் பைக் வைத்திருப்பதன் பலனே இதுதான். மலை, வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அந்த வண்டி வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வேரும் பாறையுமாக இருக்கும் ஒற்றையடிப் பாதைதான் உங்கள் ஆசை என்றால் அதையே வாங்குங்கள். ஆனால் மவுண்ட் டாமில் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. நாம் ஓட்டுவது ஃபயர் ரோடுகளில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மவுண்டன் பைக் பிறந்த மலைகளில் முக்கியமானது இது. 1976இல் இதே மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ரீபேக் பந்தயம் தொடங்கியது. இரண்டு மைல் போல நீளம், 1,300 அடி இறக்கம். மவுண்டன் பைக்கின் முன்னோடிகளான சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாரும் ஓட்டியது ஷ்வின் கம்பெனியின் பழைய வண்டி மாதிரியான கனத்த சைக்கிள்கள். சஸ்பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு முறை இறங்கினால் அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடியும் அடைக்க வேண்டும். ரீபேக் என்றால் மறுபடி அடைப்பது, பாதைக்குப் பெயரே அதனால் வந்ததுதான். அவர்களிடம் இருந்தது இரண்டு அங்குல அகல டயர், அகலமான ஹேண்டில்பார், தைரியம். உங்கள் வண்டியில் டிஸ்க் பிரேக் இருக்கும். பிரேக் விஷயத்தில் அவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல்.

ஆகவே பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. முதலில் கியர். முன்னால் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 40 பல், பின்னால் இருக்கும் பல்சக்கரங்களில் பெரியது 42 பல் என்று இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வரும். ரயில் பாதையைவிடச் செங்குத்தான ஃபயர் ரோடில், 15 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைக் காக்க, ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ என்றால் 250 வாட் அளவு வேண்டும். நம்மில் பலருக்கு அது சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. பின்னால் 52 பல் வரும்படி கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) டெரெய்லரையும் (சங்கிலியை அவற்றில் மாற்றிவிடும் கருவி) மாற்றினால் அதே மிதிக்கு வேகம் மணிக்கு 6 கிலோமீட்டராகக் குறையும், 200 வாட்டில் ஏறிவிடலாம். இந்த வித்தியாசம்தான் ஏறுவதா தள்ளுவதா என்பதைத் தீர்மானிக்கும். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டயர். உங்கள் ஃப்ரேம் இடம் கொடுத்தால் 45 மில்லிமீட்டர், டியூப்லெஸ். காற்றைக் கல் மாதிரி அடைக்காதீர்கள். நான் 30 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கீழே வைக்கிறேன், உங்கள் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். செங்குத்தான சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்றுவிடும். சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கி ஏற வேண்டும்.

வீட்டு வாசலில் தொடங்குகிறது என்று சொன்னேன், ஆனால் என் வீட்டு வாசலில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் சைக்கிளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். தரை அழுக்காகிறதாம். மழையில் நனைந்த நாய்கள் தினமும் அதே லிஃப்டில் போய் வருகின்றன, அதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. கீழே நிறுத்தலாம் என்றால் பூட்டை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படிப் போயிருக்கிறது. அதனால் மலையேறி வந்த காலோடு நான்கு மாடி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். கூட்டத்தில் கேட்டால் "எல்லாருக்கும் ஒரே விதி" என்கிறார்கள். காருக்கு மட்டும் ஆளுக்கொரு இடம் கோடு போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். இதற்கு வழி தெரிந்தவர்கள் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், உண்மையாகவே உதவியாக இருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேராக மவுண்ட் டாமுக்குப் போகாமல் முதலில் பாலத்தைத் தாண்டியதும் வரும் மரின் ஹெட்லேண்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியில் ஓட்டிப் பாருங்கள். அங்கே டென்னசி வேலி என்ற பள்ளத்தாக்கிலிருந்து மரின்செல்லோ என்ற பாதை ஏறுகிறது. 1960களில் அங்கே 30,000 பேருக்கு ஒரு நகரமே கட்டத் திட்டமிட்டார்கள். மக்கள் போராடி நிறுத்தினார்கள். அந்த நகரத்துக்காகப் போட்ட சாலைதான் இன்று நாம் ஓட்டும் பாதை. சீரான ஏற்றம், பழகுவதற்கு நல்லது. அதே பள்ளத்தாக்கிலிருந்து கயோட்டி ரிட்ஜ் என்ற மலைமுகட்டுக்கு ஏறும் பாதைகள் மிகவும் செங்குத்து, அவற்றைக் கொஞ்ச நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மவுண்ட் டாமில் வேக வரம்பு மணிக்கு 15 மைல், கண்ணுக்குத் தெரியாத வளைவிலும் ஆட்களைக் கடக்கும்போதும் 5 மைல். குதிரை வந்தால் நின்றுவிடுங்கள், குதிரைக்காரரிடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அவ்வளவாக மிரளாது. கோடையில் மேலே நல்ல வெயில் அடிக்கும்போதே பாலத்தில் மூடுபனியும் குளிர்காற்றும் இருக்கும், அதனால் மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். முடிந்தால் வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை ரெயில்ரோடு கிரேடில் நடப்பவர்கள் கூட்டம் அதிகம்.