டைனோசர் பார்க் கடனில்: டகான்யோ தீவிலிருந்து மீள்வது எப்படி?

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பத்தாவது படிக்கும் தங்கையும் நானும் சேர்ந்து ‘ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன்’ விளையாடுகிறோம். தீவு தீவாக டைனோசர் பார்க் கட்டி நடத்தும் வீடியோ கேம் அது. முதல் இரண்டு தீவுகளிலும் பார்க் நன்றாக ஓடுகிறது. மூன்றாவதான இஸ்லா டகான்யோவில் கால் வைத்ததுமே கணக்கு மைனஸில் இருந்தது. எப்படியோ பிளஸுக்குக் கொண்டுவந்தோம். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தங்கை ஒரு செரட்டோசரஸை, அதாவது ஊன் தின்னும் பெரிய டைனோசரை, பொரிக்க வைத்தாள். முட்டையிலேயே போய்விட்டது. மறுபடி முயன்றோம், அதுவும் போச்சு. இப்போது பழையபடி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம். பெரிய மிருகம் வந்தால்தான் கூட்டம் வரும் என்கிறாள் அவள். செலவைக் குறைக்க வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? இன்னொன்று: கூடுதல் டைனோசர்கள் உள்ள பேக்கை நிஜப் பணம் கொடுத்து வாங்கினால் இதிலிருந்து மீளலாமா? விளையாட்டுக்கெல்லாம் பதில் சொல்வீர்களா என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

பதில்: தாராளமாகச் சொல்வேன். இந்த விளையாட்டு 2018இல் வந்தது. 2020 டிசம்பர் கடைசி நாளில் தொடங்கி ஒரு வாரம் எபிக் ஸ்டோர் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது என் மகன் இறக்கி வைத்தான். அவன் ஒரு மாதத்தில் விட்டுவிட்டான், நான் விடவில்லை. எனவே டகான்யோவின் சிவப்பு எண்களை நானும் பார்த்தவன்தான். ஸ்பானிஷ் மொழியில் டகான்யோ என்றால் கஞ்சன் என்று பொருள். பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை.

உங்கள் தங்கை சொல்வதில் பாதி சரி. நீங்கள் சொல்வதிலும் பாதி சரி. பார்வையாளர்கள் டைனோசரைப் பார்க்கத்தான் வருகிறார்கள், கடைகளை மூடி மூடி எந்தப் பார்க்கும் பிழைத்ததில்லை. ஆனால் பெரிய மிருகத்தை எப்போது, எந்தத் தீவின் காசில் தயார் செய்வது என்பதில்தான் நீங்கள் இருவரும் சறுக்கியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த முட்டைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, பொரிக்க வைக்க 6 லட்சம் டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்று திரை காட்டுகிறது. பெரும்பாலோர் இதைப் பார்த்துவிட்டு “6 லட்சம்தானே” என்று பொத்தானை அமுக்குகிறார்கள். முட்டை தோற்றால் பணம் திரும்பி வராது. இரண்டு முயற்சிக்கு ஒன்றுதான் பொரிக்கும் என்றால், உயிருடன் வெளியே வரும் ஒரு செரட்டோசரஸின் சராசரி அடக்கவிலை 12 லட்சம். வாய்ப்பு 75 சதவீதமாக ஏறினால் அதே மிருகத்தின் விலை 8 லட்சத்துக்கு இறங்குகிறது. அதோடு, 50 சதவீத வாய்ப்பில் அடுத்தடுத்து இரண்டு முட்டை தோற்பது நான்கில் ஒரு தடவை நடக்கக்கூடியது. உங்களுக்கு நடந்தது துரதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், சாதாரணமாக நடப்பதுதான். கையில் ஒரே ஒரு முட்டைக்கான பணம் இருக்கும்போது அந்த ஆட்டத்தில் இறங்கியதுதான் தவறு. மூன்று தடவை தோற்றாலும் பார்க் நிற்காமல் ஓடும் என்ற நிலை வரும்வரை முட்டை பொரிக்கும் கூடத்துப் பக்கமே போகக் கூடாது.

ஜீன் மாற்றங்களிலும் இதே கதைதான். விளையாட்டு மிருகத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணான ரேட்டிங் கூடட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் செலவும் ஏறும், பொரிக்கும் வாய்ப்பும் இறங்கும். தங்கை அதில் கை வைத்தாளா என்று கேட்டுப் பாருங்கள். வைத்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

சரி, வாய்ப்பை எப்படி ஏற்றுவது? ஜீனோமை, அதாவது அந்த மிருகத்தின் முழு டி.என்.ஏ. தொகுப்பை, நிரப்ப வேண்டும். 50 சதவீதம் சேர்ந்ததுமே விளையாட்டு பொரிக்க அனுமதித்துவிடுகிறது. அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே செய்ய வேண்டியதில்லை. இன்னும் சில புதைபடிவங்களைக் கொண்டுவந்து டி.என்.ஏ. எடுத்தால் ஜீனோம் ஏறும், வாய்ப்பும் ஏறும். ஆனால் அகழ்வுக் குழுவை அனுப்புவதும் காசு, டி.என்.ஏ. எடுப்பதும் காசு. டகான்யோவில் அந்தக் காசு இல்லை.

அதற்கு வழி உங்கள் பழைய தீவுகளில் இருக்கிறது. முதல் தீவான மட்டான்செரோஸ் நன்றாக ஓடுகிறது என்றீர்கள். ஒரு தீவின் ரொக்கத்தை இன்னொரு தீவுக்கு மாற்ற முடியாது. ஆனால் ஆராய்ச்சி முடிவுகளும் ஜீனோம் முன்னேற்றமும் எல்லாத் தீவுக்கும் பொது. அதனால் மட்டான்செரோஸுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே குவிந்து கிடக்கும் லாபத்தில் அகழ்வுக் குழுக்களை அனுப்புங்கள், ஆராய்ச்சிகளை முடியுங்கள், செரட்டோசரஸின் ஜீனோமை முடிந்தவரை நிரப்புங்கள். தோண்டும்போது தங்கம், வெள்ளி மாதிரி ஏதாவது கிடைத்தால் விற்றுவிடுங்கள். பிறகு டகான்யோவுக்கு வந்தால், அங்கே ஒரு டாலர்கூடச் செலவாகாமல் முட்டையின் உண்மையான விலை குறைந்திருக்கும். லாபம் தரும் கிளையின் பணத்தில் ஆராய்ச்சி செய்து, அதன் பலனை நஷ்டத்தில் இருக்கும் கிளைக்குக் கொடுப்பது. நிஜக் கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. டகான்யோவில் மாட்டிக்கொண்டவர்கள் பலரும் அங்கேயே உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறார்கள். பின்னால் திரும்பிப் போகலாம் என்பதே நினைவுக்கு வருவதில்லை.

தோண்டுவதைப் பற்றி ஒரு சின்ன விலகல். நிஜ செரட்டோசரஸுக்கு 1884இல் பெயர் வைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மார்ஷ். கோப் என்ற போட்டியாளரை முந்த வேண்டும் என்று மேற்கு மாநிலங்களில் ஆள் வைத்துத் தோண்டிக்கொண்டே இருந்தார். மாமா ஒருவர் பெரும் பணக்காரர், அந்தச் சொத்தும் கைகொடுத்தது. 1899இல் மார்ஷ் இறந்தபோது அவர் வங்கிக் கணக்கில் மிச்சம் இருந்தது 186 டாலர் என்கிறார்கள். கோப்பும் சொத்தை இழந்து, சேர்த்த எலும்புகளை விற்கும் நிலைக்கு வந்தார். அகழ்வுக்கு எல்லை வைக்காவிட்டால் மட்டான்செரோஸும் காலியாகும். எந்த டைனோசர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் எலும்பு கிடைக்கும் இடங்களுக்கு மட்டும் குழுவை அனுப்புங்கள்.

இனி செலவைக் குறைப்பது. இதில் நீங்கள் கையிருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதற்குப் பக்கத்திலேயே நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது, போகிறது என்ற எண் இருக்கும். அதைப் பாருங்கள். கையிருப்பு 2 லட்சம் இருந்து நிமிட வருமானம் மைனஸில் இருந்தால் நீங்கள் மூழ்கிக்கொண்டிருக்கிறீர்கள். கையிருப்பு பூஜ்யமாக இருந்தாலும் நிமிட வருமானம் பிளஸில் இருந்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

ஒவ்வொரு கடையையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தால் விற்கும் பொருள், ஆட்கள் எண்ணிக்கை, விலை மூன்றையும் மாற்றலாம் என்பது தெரியும். பெரும்பாலானவர்கள் கடையைக் கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். கூட்டம் நிரம்பி வழியும் கடையில் ஆள் சேர்க்க வேண்டும், ஈ ஓட்டும் கடையில் குறைக்க வேண்டும். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த இடத்தில் லாபம் இறங்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்படிப் பத்து நிமிடம் செலவழித்தாலே பல பார்க்குகள் தலைதூக்கிவிடும். எல்லாம் செய்தும் ஒரு கடை நஷ்டத்திலேயே இருந்தால், அது உணவு, குடிநீர், பொழுதுபோக்கு போன்ற தேவைகளில் எதை ஈடுகட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவசரப்பட்டு இடித்தால் வசதி ரேட்டிங் சரியும், ரேட்டிங் சரிந்தால் கூட்டம் குறையும், அப்புறம் பக்கத்துக் கடையும் நஷ்டத்துக்குப் போகும். நீங்கள் சொன்ன ‘செலவைக் குறை’ இங்கேதான் முட்டி நிற்கும்.

ஒப்பந்தங்களைப் பற்றி, அதாவது பார்க்கின் பிரிவுகள் கொடுக்கும், முடித்தால் பணம் தரும் வேலைகளைப் பற்றி, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு மைனஸில் இருக்கும்போது அவைதான் கைமாற்று. அறிவியல், பொழுதுபோக்கு, பாதுகாப்பு என்று மூன்று பிரிவிலும் மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு பிரிவையே கவனித்தால் மற்றப் பிரிவினர் கோபத்தில் நாச வேலையில் இறங்கி கரண்டை நிறுத்துவார்கள், கதவைத் திறந்து விடுவார்கள். முடிக்க ஆகும் செலவு தரும் பணத்தைவிட அதிகம் என்றால் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டு வேறொன்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கைக்கு ஒரு விஷயம். செரட்டோசரஸைக் கொண்டுவருவதற்கு முன்னால் அதற்குத் தனி வேலி, தேவையான காடு, புல்வெளி, தண்ணீர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அந்தச் செலவையும் மிருகத்தின் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். வசதி குறைந்து எரிச்சலானால் வேலியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நான் முதல் தடவை ஆடியபோது வேலிக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று தாவர உண்ணிகள் இருந்த அடைப்பிலேயே ஒரு செரட்டோசரஸை இறக்கினேன். மிச்சம் பிடித்தது ஒரு வேலி. போனது ஒரு கூட்டம் ஸ்ட்ருதியோமிமஸ். மகன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

செரட்டோசரஸ் வரும்வரை என்ன செய்வது? பொரிக்கும் செலவு குறைந்த, ஜீனோம் ஏற்கெனவே நிரம்பிய தாவர உண்ணிகளில் உங்கள் பார்க்கில் இதுவரை இல்லாத இனம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். ஒரே இனத்தில் பத்து வைப்பதைவிட வகை கூடுவது டைனோசர் ரேட்டிங்குக்கு நல்லது. பார்வை மேடை அடைப்பைப் பார்த்தபடி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கண்ணில் படாத மிருகத்துக்காக நீங்கள் கட்டும் செலவு வீண்.

நிஜப் பணத்துக்கு வருவோம். வாங்க வேண்டாம். கூடுதல் பேக் புதிய டைனோசர்களையும் புதிய கதைகளையும் தரும், டகான்யோவின் கடனை அடைக்காது. கையில் பணமில்லாத தீவில் இன்னும் விலை உயர்ந்த முட்டைகளைக் காட்டி ஆசை மூட்டும், அவ்வளவுதான். பார்க் நிமிர்ந்த பிறகும் ஆசை இருந்தால், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் அவ்வப்போது பெரிய தள்ளுபடி வருகிறது, அப்போது வாங்கிக்கொள்ளலாம். யார் காசு என்பதை மட்டும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

மட்டான்செரோஸுக்குப் போய் ஜீனோமை நிரப்பி, கடைகளைச் சரிசெய்த பிறகும் நிமிட வருமானம் மைனஸிலேயே இருந்தால் மறுபடி எழுதுங்கள். கையிருப்பு எவ்வளவு என்று எழுத வேண்டாம். வரவு செலவுத் திரையையும் எல்லாக் கடைகளின் லாப நஷ்டத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், அதை வைத்துப் பேசலாம்.