பனிக்காலத்தில் நடைப்பயிற்சி நின்றுபோகிறது, எடை ஏறுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள்?

"மார்கழி வந்தால் காலை நடை போச்சு, பொங்கல் முடிந்து பார்த்தால் எடை ஏறியிருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே கதைதான். நான் இருப்பது பொதட்டூர்பேட்டையில். திருத்தணிப் பக்கம், தறி ஊர். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா வந்துவிடும்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் குளிரின் மேல் பழி போடாதீர்கள். தை மாதம் விடிகாலையில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளக் கூடுதல் சாப்பாடு வேண்டும் என்பதெல்லாம் பனிக்கட்டி கொட்டுகிற ஊர்க்காரர்கள் பேச வேண்டிய பேச்சு. இங்கே நடப்பது வேறு. போர்வையை விட்டு எழ மனசு வராது, எழுந்ததும் சூடாக எதையாவது வாயில் போடத் தோன்றும். ஒரு டீ, ஒரு வடை. பத்து மணிக்கு மறுபடி டீ. சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காயும் வாசனை. இது போதாதென்று மார்கழி முழுக்கக் கோயிலில் நெய் மிதக்கும் வெண்பொங்கல் வேறு. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லவா முடியும்? ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் விரதத்தில் இளைப்பார்கள் என்று பார்த்தால், அன்னதானத்துக்கு அன்னதானம் போய் ஒரு சுற்றுப் பெருத்து வருகிறவர்களும் உண்டு.

இதை நடந்தே கரைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஒரு படி அரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 55 மீட்டர் ஏற்றம். 70 கிலோ ஆள் அவ்வளவு உயரம் ஏற உடம்பு செலவழிப்பது சுமார் 40 கலோரி. ஒரு மெதுவடை ஏறக்குறைய 100 கலோரி. மலை அடிவாரத்திலேயே ஒரு வடை தின்றுவிட்டு ஏறினால், முருகனைப் பார்த்துவிட்டு இறங்கி இன்னொரு தடவை ஏறினாலும் கணக்கு நேராகாது.

அதற்காகப் படி ஏறுவது வீண் என்று சொல்லவில்லை. நான் ஏறுகிறவள்தான். மூச்சுக்கும் தொடைக்கும் அதைவிட நல்ல வேலை இந்தப் பக்கத்தில் வேறில்லை. எடையைப் படியில் தேடாதீர்கள், தட்டில் தேடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். இறங்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். முட்டி வலி இருப்பவர்கள் படியில் ஏறி, வண்டி போகிற மலைப்பாதை வழியாக நடந்து இறங்கலாம். எலும்பு முறிந்தால் கட்டுப்போடப் பக்கத்திலேயே புத்தூர் இருக்கிறது என்ற தைரியம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் உண்டு. தேய்ந்த முட்டிக்குப் புத்தூர்க் கட்டு உதவாது.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்தில் ஒரு நாளைக்கு ஐந்து டீ சாதாரணம். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. பனிக்காலத்தில் தாகம் எடுக்காததால் தண்ணீரும் குறைந்துவிடும், அந்த இடத்தையும் டீ பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இரண்டு டீயை நிறுத்திவிட்டு ஃபிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர் வைத்தோம். முதல் வாரம் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

இனி சாப்பாடு. பனி விழ ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தில் மொச்சைதான் ராஜா. பொழுது குறுகினால்தான் இந்த நாட்டு மொச்சைக்கொடி பூக்கும். அதனால்தான் மார்கழி, தையில் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்தும் நகரிப் பக்கமிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. பச்சைக் காயை உரித்து, ராத்திரி தண்ணீரில் போட்டு வைப்போம். காலையில் தோல் உப்பித் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். குண்டானில் விழ வேண்டியது எதிரில் உட்கார்ந்திருப்பவர் மடியில் விழும். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, கையில் பச்சை வாசனை மதியம் வரை போகாது. இதுதான் பிதுக்குப் பருப்பு.

போன தையில் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, "தோல்லதான் அத்தை நார்ச்சத்து இருக்கு, அப்படியே போட்டுச் செஞ்சா என்ன?" என்று மாமியாரைக் கேட்டேன். "அப்ப நீ தோலைத் தின்னும்மா, நாங்க பருப்பைத் தின்றோம்" என்றார். பக்கத்து வீட்டு வதினா (தெலுங்கில் அண்ணி) சிரித்த சிரிப்பில் அவர் மடியிலிருந்த பருப்பெல்லாம் கொட்டிவிட்டது. நான் சொன்னது சரிதான், ஆனால் தோலோடு சாப்பிட்டால் பலருக்கு வயிறு உப்பும் என்பதும் சரிதான். ஒரு நாள் பிதுக்கியும் ஒரு நாள் தோலோடும் செய்வது என்று எங்கள் வீட்டில் சமாதானம் ஆகியிருக்கிறது.

தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றி, கத்தரிக்காய் போட்டுக் கொதித்த பிதுக்குப் பருப்புக் குழம்பும் கேழ்வரகுக் களியும் சேர்ந்தால் பஜ்ஜி ஞாபகமே வராது. இது வெறும் ருசிப் பேச்சு இல்லை. நம் சாப்பாட்டில் குறைவது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி 65 கிலோ ஆளுக்கு நாளுக்கு 54 கிராம் வேண்டும். சோறு, ரசம், அப்பளம் என்று சாப்பிட்டால் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். காய்ந்த மொச்சையிலும் கொள்ளிலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. பச்சை மொச்சையில் தண்ணீர் அதிகம் என்பதால் நிறையவே குறையும், ஆனால் அதைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்போமே! வயிறு நிறைந்து நேரம் தாங்குவது இதனால்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கேழ்வரகுதானே" என்று சொம்பு சொம்பாகக் கூழ் குடிக்கக் கூடாது. கூழ், களியைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். களியிலும் அளவு உண்டு.

கொய்யா, நெல்லி, பனங்கிழங்கு எல்லாம் இந்த மாதங்களில் மலிவு. வேகவைத்த கடலை நல்லதுதான், ஒரு கைப்பிடியோடு எழுந்துவிட்டால். கரும்பைக் கடித்துத் தின்னுங்கள், ஜூஸாகக் குடிக்காதீர்கள். பல் வலித்து நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

நடையை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ஐந்து மணிக்கே எழுந்து பனியில் நடப்பதுதான் வீரம் என்று யார் சொன்னது? குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். வயதானவர்கள், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் வந்த பிறகு கிளம்புவதே நல்லது. மூடுபனியில் விளக்கில்லாமல் வருகிற பைக்குகள் இன்னொரு ஆபத்து. வாரத்துக்கு 150 நிமிட நடை என்பதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்களில் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும். நிறைகுடம் தூக்குகிற பெண்களுக்கு டம்பெல் எதற்கு? அந்தக் குடம் 15 கிலோவுக்குக் குறையாது. இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்க மட்டும் பழகுங்கள்.

தறிக்கூடத்துக்குள்ளேயே பகலைக் கழிப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் வெயிலில் நில்லுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் வைட்டமின் டி நன்றாக உண்டாகும். இங்கே மார்கழியிலும் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அப்படித்தான். காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது.

மொச்சை விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. காய்ந்த மொச்சையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவிடுங்கள், அரைவேக்காட்டில் இறக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு வகையை இவ்வளவு கூட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.