நொண்டி ஆடிய ரயில்

கேள்வி: 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி கிளை ரயில் பாதையை ஏன் சீர்செய்யவில்லை? அந்தக் காலத்தில் ரயிலையே பெட்டியோடு கப்பலில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினார்களாமே? (வாசகர், மானாமதுரை)

பதில்: 'பெட்டியோடு' கப்பல் ஏறியது உண்மை. பயணிகளின் டிரங்குப் பெட்டி! ரயில் பெட்டிகள் தனுஷ்கோடியில் கப்பல் அணையும் மேடையான பியரோடு சரி. எழும்பூரிலிருந்து இந்தக் கப்பலைப் பிடிக்க ஓடிய ரயிலுக்கு போட் மெயில் என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், ரயிலை நீந்தவிடும் கோஷ்டியோடு எனக்குத் தீராத வழக்கு. சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார்; அங்கே வேறு வண்டி. நம்முடையது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ், அவர்களுடையது ஐந்தரை அடி அகலப்பாதை. நம் பெட்டியைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கியிருந்தால் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் நிற்கும், மறுபக்கச் சக்கரம் தண்டவாளத்தைத் தொட இரண்டடிக்கு மேல் குறையும். கொழும்பு வரை நொண்டி ஆட்டம்தான். டிக்கெட் பரிசோதகரும் ஒற்றைக் காலில் வந்திருப்பார்.

அப்புறம், கிளை எது? 1914இல் பாம்பன் கடல் பாலம் திறந்தபின் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ராமேஸ்வரத்துக்கு 6.25 மைல், தனுஷ்கோடிக்கு 15 மைல். மெயில் போனது தனுஷ்கோடிக்கு. ராமநாதரே கிளை லைனில்தான் இருந்தார்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பன் பாசஞ்சரைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. பாலத்தின் கர்டர்களையும், அதாவது தூண்கள்மேல் கிடந்த இரும்பு உத்தரங்களையும், பெயர்த்தது. ஆனால் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் கர்டர்களைக் கடலிலிருந்து தூக்கி 46 நாளில் பாலத்தை நிமிர்த்திவிட்டார்கள். அதைச் செய்தவர்களுக்கு மணல்மேட்டில் தண்டவாளம் போடத் தெரியாதா? தெரியும். பாலத்தில் தூண்கள் நின்றன. எடுத்து வைக்க இடம் இருந்தது. தனுஷ்கோடியில் இருபுறமும் கடல், நடுவே மணல் நாக்கு. காற்றடித்தால் மணல் தண்டவாளத்தை மூடும். அலை குறுக்கே பாய்ந்தால் ஸ்லீப்பருக்கு அடியிலிருந்தே அரித்துக்கொண்டு போகும். அதற்கும் மேலாக, பியர் போய்விட்டது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ஆளையும் தபாலையும் கப்பலுக்குக் கொடுக்கப் போட்ட பாதைக்குக் கப்பலே இல்லையென்றால் என்ன சுமை?

2019 மார்ச்சில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய். கப்பல் எங்கே என்று கேட்டால் என்னை முறைக்கிறார்கள்.

எழும்பூரில் ஒரே டிக்கெட், கொழும்பில் காபி என்று உருகுகிறவர்களிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் அடைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்தபிறகே கப்பலேற்றினார்கள். முகாமை நடத்தியது இலங்கை அரசு. அதைப் பற்றி ஏன் ஒருவரும் உருகுவதில்லை?