21 நரம்பும் 6 கம்பியும்

கேள்வி: என் மகன் கிளாசிக்கல் கிடார் பயில்கிறான். தென்னாப்பிரிக்கக் கலைஞர் டெரெக் கிரிப்பர், மாலி நாட்டுக் கோரா இசையை ஒற்றைக் கிடாரில் வாசிப்பதைக் கேட்டதிலிருந்து அதே நினைவாக இருக்கிறான். 21 நரம்புக் கருவியின் இசை 6 கம்பிக்குள் எப்படி அடங்கும்? பரம்பரைக் கலைஞர்களின் சொத்தை வெளியார் எடுத்து வாசிப்பது முறையா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: முதலில் உங்கள் மகனின் காதுக்கு என் வாழ்த்து. அந்த வாசிப்பை முதன்முறை கேட்டபோது, கூட வாசிப்பது யார் என்று நானும் தேடினேன். கோரா மேதை தூமானி ஜபாத்தேக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரே ஆள் ஒரே கிடாரில் வாசித்ததை நேரில் பார்த்தீர்களா என்று இசை ஆய்வாளர் லூசி டுரானிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம்.

கோரா என்பது பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கைமேல் மாட்டுத்தோலை இழுத்துப் போர்த்திய கருவி. இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10 நரம்புகள். இரு கட்டைவிரல்கள், இரு ஆள்காட்டி விரல்கள், அவ்வளவுதான் மீட்டுபவை. அடியில் விடாமல் சுழலும் சுற்றுக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன்மேல் மழையாய்க் கொட்டும் சங்கதிகளுக்குப் பிரிமிந்திங்கோ.

கோராவில் சுரத்துக்கு ஒரு நரம்பு. அடுத்த சுரம் பிறந்தாலும் முந்தையது ஒலித்துக்கொண்டே இருக்கும். கிடாரிலோ ஒரே கம்பியில் விரல் நகர்ந்தால் முந்தைய சுரம் செத்துவிடும். மகனை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டட்டும். அடுத்து இரண்டாம் கம்பியில் மூன்றாம் மெட்டு (fret). அதற்கடுத்த சுரத்துக்கு, வழக்கம்போல் அதே கம்பியின் முதல் மெட்டுக்கு இறங்காமல், மூன்றாம் கம்பியின் ஐந்தாம் மெட்டைப் பிடிக்கட்டும். பிடித்த விரல்களை எடுக்கக் கூடாது. மூன்று சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து நிற்கும். அந்தக் கணத்தில் கிடார் கோராவாகிறது.

கிரிப்பர் தூமானியின் பதிவுகளைச் சுரம் சுரமாக எழுதியெடுத்து, ஐரோப்பிய இசைமேதை பாக் எழுதிய இசைக்குத் தரும் மரியாதையோடு விரலமைப்பு தேடினார். 2012 இல் அது இசைத்தட்டாக வந்தது. இது நடக்காத காரியம் என்றே எண்ணியிருந்தவர் கிடார் மேதை ஜான் வில்லியம்ஸ். கேட்ட பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

மகன் வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 'ஜராபி' என்ற கோரா உருப்படியின் அடிச்சுற்றை மட்டும் ஒரு மாதம் வாசிக்கட்டும். என் மாணவர்களில் பலருக்கும் மேல்விரல்கள் ஓடத் தொடங்கியதும் கட்டைவிரல் தடுமாறுகிறது. அங்கேதான் பொறுமை வேண்டும். கூடவே, தூமானி தனியாக வாசித்த 1988 ஆம் ஆண்டு 'கைரா' இசைத்தட்டைத் தினமும் கேட்கட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. மாலியில் இது ஜெலி எனப்படும் பரம்பரை இசைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலை. அந்த மரபில் வந்த கோரா கலைஞர் பல்லாக்கே சிசோக்கோவே கிரிப்பரோடு சேர்ந்து 2024 இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். அதே ஆண்டில்தான் தூமானி மறைந்தார். மகன் மேடையேறும் நாளில், ராகத்தின் பெயரைச் சொல்வதுபோல், இது யார் கையிலிருந்து வந்தது என்று தூமானியின் பெயரை அவையில் சொல்லிவிட்டு வாசிக்கட்டும்.